பாதம் அறிந்த பாறை: பாறையேற்றத்தில் நுட்பம் எனப்படுவது எது?

2018இல் வெளிவந்து, 2019இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற ‘ஃப்ரீ சோலோ’வைப் பார்த்தவர்களிடம் அப்படத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே சொல்தான் விடையாக வருகிறது: துணிச்சல். கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் கிரானைட் சுவர் எல் காப்பிடான். அதில் ‘ஃப்ரீரைடர்’ என்று பெயர்பெற்ற தடத்தின் வழியே, 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானால்ட் கயிறோ துணையோ இன்றி ஏறி முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 56 நிமிடம். திரையில் அதைக் காணும்போது நம் உள்ளங்கை வியர்க்கிறது. அந்த வியர்வையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு தவறான மதிப்பீடு பிறந்துவிடுகிறது: இதுவே பாறையேற்றக் கலையின் உச்சம், இவரே அக்கலையின் தலைசிறந்த நுட்பர் என்று. விழுந்தால் சாவு என்பது ஏற்றம் நிகழ்ந்த சூழ்நிலையைப் பற்றிய செய்தி. ஏறியவருடைய திறம் எத்தகையது என்பதைப் பற்றி அச்செய்தி மிகக் கொஞ்சமே சொல்கிறது.

பாறையேறும் பழக்கம் எனக்கு இல்லை. ஏறியவர்கள் எழுதியதைப் படித்தும், ஏறுவதைப் படங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தும் உண்டான ஈடுபாடுதான் என்னுடையது. எனினும் ஒரு கலையை மதிப்பிடுவதில் நேரும் குழப்பம் எந்தக் கலையில் நேர்ந்தாலும் இலக்கிய வாசகனுக்கு அது அந்நியமானது அன்று. கவிஞன் பட்ட துன்பத்தை வைத்துக் கவிதையை அளக்கும் பழக்கத்தை நாம் நன்றாக அறிவோம். ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் உடலுக்குப் பொருந்தும் ஒரு வழியைப் பாறையில் கண்டுபிடித்து, அதை மிகக் குறைந்த விசையில் செய்து முடிப்பதே நுட்பம். அதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் சிறந்த சான்று, 2017ஆம் ஆண்டின் ஏற்றத்தைவிட, அதே எல் காப்பிடானில் 1993இல் லின் ஹில் நிகழ்த்திய ஏற்றமே.

*

பேசப்போகும் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மலைத்தேன் எடுப்போர் ஏறுவதற்குப் பயன்படுத்திய கண்ணேணியை ‘மால்பு’ என்று நம் பழம்பாடல்கள் குறிக்கின்றன. ஏணி, ஆணி, கயிறு இவற்றின்மேல் உடலெடையை ஏற்றி மேலே செல்வதை இன்றைய பாறையேறிகள் ‘எய்ட் க்ளைம்பிங்’ என்கிறார்கள். ‘ஃப்ரீ க்ளைம்பிங்’ என்பதில் கயிறு உண்டு, ஆணியும் உண்டு. ஆனால் அவை விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே. ஏறுவது முழுவதும் கையாலும் காலாலும் நடக்க வேண்டும். கயிற்றைப் பிடித்து ஒரு முழம் ஏறினாலும் அந்த ஏற்றம் கணக்கில் வராது. கயிற்றையே துறப்பது ‘ஃப்ரீ சோலோ’. பெயரில் இருக்கும் ஒற்றுமையால் பின்னிரண்டையும் ஒன்றெனக் கொள்பவர் பலர். நுட்பத்தின் வரலாறு எழுதப்பட்டது பெரும்பாலும் நடுவிலுள்ள ஃப்ரீ க்ளைம்பிங்கில்தான். அங்கேதான் நூறு முறை விழலாம்; நூற்றோராவது முறை புதிதாக ஒன்றை முயலலாம். விழ முடியாத இடத்தில் யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை.

கீழிருந்து பார்க்கும் நம் கண் எப்போதும் ஏறுபவருடைய கைகளிலேயே நிற்கிறது. தேர்ந்த பாறையேறியின் கவனமோ பெரும்பகுதி கால்களில் இருக்கும். காரணம் எளியது. நம்மை நாள் முழுதும் சுமப்பவை கால்கள். அவற்றின் வலிமையோடு கைகள் ஒப்பிடத் தக்கவை அல்ல. கையால் உடலைத் தூக்குபவர் சில நிமிடங்களில் சோர்வார். காலால் உடலை உயர்த்தி, கையைச் சமநிலைக்கு மட்டும் வைத்துக்கொள்பவர் மணிக்கணக்கில் ஏறுவார். செங்குத்துக்குச் சற்றுக் குறைந்த சரிவில், பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லாத வழுக்குப் பாறைகள் உண்டு. அங்கே காலணியின் ரப்பருக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வு மட்டுமே துணை. அஞ்சியவர் பாறையைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பார், பாதத்தின்மேல் நேராக இறங்கவேண்டிய எடை விலகிவிடும், பாதம் வழுக்கும். பாறையை விட்டு உடலைச் சற்று நிமிர்த்தி நிற்பவருக்கு அதே பாறை இடம்கொடுக்கும். பிரிட்டனைச் சேர்ந்த ஜானி டாஸ் கைகளைப் பயன்படுத்தாமலே பாறை ஏறிக் காட்டுவதில் பெயர்பெற்றவர். வேடிக்கை போலத் தோன்றினாலும் இக்கலையின் இலக்கணத்தை அதைவிடச் சுருக்கமாக ஒருவர் கற்பித்துவிட முடியாது.

பயிற்சியாளர்கள் புதியவர்களுக்குக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: பாதத்தை ஓசையின்றி வைத்து ஏற வேண்டும். காலணி பாறையில் உரசும் ஒலி, தட்டும் ஒலி எதுவும் கேட்கக்கூடாது. ஓசை எழுந்தால், பாதம் போய்ச்சேரும் இடத்தைக் கண் முன்னரே முடிவுசெய்யவில்லை என்று பொருள். சரியாக வைத்த பாதத்தை மறுபடி திருத்த வேண்டியிருக்காது. பாறையேற்றத்தின் நுட்பத்தைக் காதாலும் அறியலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அடுத்தது இடுப்பு. பாறை வெளிப்புறமாகச் சாய்ந்து கூரைபோல் கவியும் இடங்களில், மார்பைப் பாறைக்கு நேராக வைத்துத் தொங்கினால் முழு எடையும் விரல்களில் இறங்கும். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு முழங்காலை உள்நோக்கி மடித்து, இடுப்பைக் கல்லோடு ஒட்டவைத்தால் எடையின் ஒரு பங்கு பாதத்துக்கு மாறிவிடுகிறது. அத்தோடு கையும் சற்றுக் கூடுதலாக எட்டுகிறது. இனி ஒரு பிடியிலிருந்து மறுபிடிக்குத் தாவும் கணம். மேலே எறிந்த பந்து உச்சியில், ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல், ஒரு நொடிக்கும் குறைவாக நின்று திரும்புகிறது அல்லவா? உடலும் அப்படியே. அந்த எடையற்ற கணத்தில் பிடியைத் தொடுபவருக்கு மெல்லிய விளிம்பே போதும். சற்று முன்போ பின்போ தொட்டால், இருமடங்கு வலிமையும் போதாது. ஆங்கிலத்தில் இதை ‘டெட்பாயிண்ட்’ என்கிறார்கள். இது தாளம் சார்ந்த அறிவு. கற்பிக்கக்கூடியதுதான், ஆனால் சொற்களால் மட்டும் கற்பித்துவிட முடியாதது.

பிடிக்கும் அளவும் நுட்பத்தில் சேரும். விரல்களை மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. கெட்டியாகப் பற்றும்போது அத்தசைகள் தம் இரத்தக் குழாய்களைத் தாமே நெருக்குகின்றன. குருதியோட்டம் குறைந்து முன்கை வீங்கி இறுகுகிறது. பிறகு பிடி தானாகத் திறந்துகொள்கிறது. ஆகவே தேர்ந்தவர் வழுக்காத அளவுக்கு மட்டும் பற்றுவார். ஓய்வு கிடைக்கும் இடங்களில் ஒரு கையைத் தொங்கவிட்டு உதறிக்கொள்வார். அச்சத்துக்கும் நுட்பத்துக்கும் உள்ள உறவு இங்கேதான். அச்சம் கையை இறுக்குகிறது. இறுக்கம் வலிமையைத் தின்கிறது. மனஅமைதியை நாம் ஒரு குணமாக, வீரத்தின் ஒரு பகுதியாகப் பேசுகிறோம். ஏறுபவருக்கு அது முன்கையின் சேமிப்புக் கணக்கு.

*

இவையெல்லாம் உடலின் பாடங்கள். இவற்றுக்கு முந்தியது வாசிப்பு. இதுவரை ஏறிப் பார்த்திராத தடத்தை, எவருடைய குறிப்பும் இல்லாமல், முதல் முயற்சியிலேயே விழாமல் ஏறுவதை ‘ஆன்சைட்’ என்று தனியே வகைப்படுத்தி உயர்வாக மதிக்கிறார்கள். கீழே நின்று பார்க்கும்போதே எந்தப் பிடி இடக்கைக்கு, எங்கே பாதத்தை மாற்ற வேண்டும், எங்கே ஓய்வு கிடைக்கும் என்று கணிக்க வேண்டும். வரிசையில் ஒரு கை மாறிப்போனால் பத்து அசைவுகளுக்குப் பின்னர் வழி அடைபடும். மற்றொரு வகை, பலமுறை பயின்றபின் இடையில் விழாமல் ஏறி முடிப்பது. ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியில் 1975இல் குர்ட் ஆல்பெர்ட் என்பவர், தான் அவ்வாறு ஏறி முடித்த தடங்களின் அடியில் சிவப்புக் குறியிடத் தொடங்கியதிலிருந்து அதற்கு ‘ரெட்பாயிண்ட்’ என்று பெயர். முன்னது முதல் வாசிப்பு. பின்னது மனப்பாடம் ஆகும்வரை தோய்ந்த வாசிப்பு. இரண்டிலும் நுட்பம் உண்டு. இரண்டும் வேறு வேறு.

இன்றைய போட்டிகளைப் பார்ப்பவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். வேக ஏற்றத்தில் 15 மீட்டர் சுவரும் அதன் பிடிகளும் உலகெங்கும் ஒரே அமைப்பில் இருக்கும். அது ஓட்டப்பந்தயத்துக்கு நெருங்கியது. ‘போல்டரிங்’ போட்டியிலோ ஒவ்வொரு முறையும் புதிய புதிர். ஸ்லொவேனியாவின் யான்யா கார்ன்ப்ரெட் 2019ஆம் ஆண்டின் உலகக்கோப்பைத் தொடரில் போல்டரிங் போட்டிகள் ஆறையும் வென்றவர். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் பெற்றவர். அவர் ஏறுவதைப் பார்க்கும்போது முதலில் படுவது வலிமை அன்று. நினைத்த வழி பயன்படாது என்று தெரிந்ததும் அதைக் கைவிடும் வேகம். ஒரே தவறை மும்முறை வலிந்து செய்பவர்களுக்கு நடுவே அது தனித்துத் தெரிகிறது.

*

இனி லின் ஹில்லுக்கு வருகிறேன். எல் காப்பிடானின் முகப்பில் மூக்குப்போல் முன்துருத்தி நிற்கும் விளிம்பின் வழியே செல்லும் தடத்துக்கு ‘நோஸ்’ என்றே பெயர். வாரன் ஹார்டிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 1957இல் தொடங்கி 1958 நவம்பரில் அதை முதன்முதலாக ஏறி முடித்தார்கள். ஆணி அடித்து, கயிறு கட்டி, ஒரு கோட்டையை முற்றுகையிடுவதுபோல் ஏறினார்கள். அகன்ற பிளவுகளில் செருகுவதற்கு ஏற்ற ஆணி கிடைக்காமல் அடுப்பின் கால்களையே ஆணிகளாக்கினார்கள். அப்பிளவுகள் இன்றும் ‘ஸ்டோவ்லெக்’ என்றே வழங்குகின்றன. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தடத்தைக் கையாலும் காலாலும் மட்டும் ஏறிவிட வல்லவர்கள் முயன்றார்கள். முடியவில்லை. இரண்டு இடங்கள் தடுத்தன. ஒன்று, ‘கிரேட் ரூஃப்’ எனப்படும் பெருங்கூரை. மற்றொன்று, அதற்கும் மேலே, பிற்காலத்தில் ‘சேஞ்சிங் கார்னர்ஸ்’ என்று பெயர்பெற்ற பகுதி.

1993இல் ஹில் அதைச் செய்தார். மறு ஆண்டே அதே தடத்தை ஒரே நாளுக்குள், 23 மணி நேரத்தில், ஏறி முடித்தார். ஒரே நாளுக்குள் அதை மறுபடி ஒருவர் செய்ய 2005வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது செய்தவர் டாமி கால்ட்வெல். முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் நோஸைக் கட்டற்ற முறையில் முழுமையாக ஏறியவர்கள் மிகச் சிலரே.

இச்சாதனைக்கு ஒரு விளக்கம் உடனே முன்வைக்கப்பட்டது: பெண் அல்லவா, விரல்கள் சிறியவை, பெருங்கூரையின் மெல்லிய பிளவில் அவை நுழைந்துவிட்டன. இவ்விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. அந்தப் பிளவு சிறிய விரல்களுக்கு இணக்கமானதே. ஆனால் ஹில்லின் உயரம் ஏறத்தாழ 157 செ.மீ. மட்டுமே. நெட்டையர்கள் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பிடிக்கும் பிடிகள் பல அவருக்கு எட்டாதவை. விரல் சிறிதாக இருக்கும் உடலில் கையும் குட்டையாகவே இருக்கும். சலுகையை மட்டும் எண்ணி, அதே உடல் விதித்த தடையை எண்ணாமல் விடுவது நேர்மையான கணக்கு அன்று.

அந்தத் தடை முழுமையாக எதிர்ப்பட்ட இடம் சேஞ்சிங் கார்னர்ஸ். ஆழமற்ற இரண்டு மூலைகள் அருகருகே. ஒரு மூலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். பிளவு விரல் நுழையாத அளவுக்கு மூடிக்கொள்கிறது, சுவர்கள் வழவழப்பானவை, இழுப்பதற்கென்று உருப்படியான பிடி ஏதும் இல்லை. ஹில் அங்கே இழுப்பதைக் கைவிட்டு எதிரெதிராக அழுத்தத் தொடங்கினார். உள்ளங்கை, பாதம், முழங்கை, இடுப்பு என ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் கல்லை அழுத்த, அந்த எதிர்விசைகளின் நடுவே உடல் நின்றது. நின்ற உடலை மெல்ல மெல்லத் திருப்பி, பாறையை நோக்கியிருந்தவர் அதற்குப் புறங்காட்டும் நிலைக்கு வந்து மறு மூலையை அடைந்தார். கட்டுகளிலிருந்து விடுபடும் வித்தைக்காரரின் நினைவாக இவ்வரிசையை ‘ஹூடினி’ என்று பாறையேறிகள் அழைக்கிறார்கள். நாள்கணக்கில் முயன்றும் தவறியும் அவர் சேர்த்தெடுத்த வரிசை அது. அந்தப் பகுதிக்கு அவர் குறித்த கடினத்தரம் குறைவு என்று பின்னால் ஏறியவர்கள் கண்டார்கள். இன்று அது 5.14ஏ என்று மதிப்பிடப்படுகிறது.

இதை நான் உச்சம் என்பதன் காரணம் இப்போது தெளிவாகியிருக்கும். முன்னோர் அந்த இடத்தில் கேட்ட கேள்வி, இங்கே எதைப் பிடித்து இழுப்பது என்பது. அதற்கு விடை இல்லாததால் இடமே ஏற முடியாதது என்றார்கள். ஹில் கேள்வியை மாற்றினார். இளமையில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்ற உடல், உயரக் குறைவு, நெகிழ்ச்சி, பொறுமை அனைத்தும் அந்தப் புதிய கேள்விக்கான விடையில் பங்குபெற்றன. வெண்பா கற்பிக்கும்போது மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு: தளை தட்டுகிறதே என்று அசையை நீட்டியும் குறுக்கியும் திருகிக்கொண்டிருப்பவன் ஒருநாளும் நல்ல வெண்பா எழுதமாட்டான், சொல்லவந்ததை வேறு சொல்லால் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் யாப்பு வழிவிடும். விதி இருவருக்கும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1989இல் பிரான்சின் ‘புவு’ பாறைகளில் ஹில் ஏறத்தாழ 22 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். இடுப்புப் பட்டையில் கோத்த கயிற்றுக்கு முடிச்சை முழுமையாகப் போடாமல் விட்டதே காரணம். மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். அந்நாள்களில் அவர் உலகின் முன்னணிப் பாறையேறிகளுள் ஒருவர். எவ்வளவு பெரிய நுட்பமும் முடிச்சுக்கு ஈடாகாது. தப்பிப் பிழைத்ததற்கும் அவருடைய திறமைக்கும் தொடர்பில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து நோஸில் ஏறியதற்கு உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதைத்தான் இக்கட்டுரையில் வலியுறுத்துகிறேன்.

*

உடலின் குறை வழியை எப்படி மாற்றுகிறது என்பதற்குக் கால்ட்வெல்லும் சான்று. 2001இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி அவருடைய இடக்கை ஆட்காட்டி விரல் துண்டானது. விரலின் வலிமையே தொழிலாக உள்ள ஒருவருக்கு அது முடிவுரை என்றே பலரும் நினைத்திருக்கக்கூடும். மீதமுள்ள விரல்களுக்கு ஏற்பப் பிடிக்கும் முறையை மாற்றிக்கொண்டு அவர் மீண்டும் ஏறினார். 2015 ஜனவரியில் கெவின் ஜோர்கசனுடன் சேர்ந்து எல் காப்பிடானின் ‘டான் வால்’ தடத்தை 19 நாள்களில் முடித்தார். அந்த ஏற்றத்தில் கடினமான பகுதிகள் பலவற்றை இரவில், தலைவிளக்கின் ஒளியில் ஏறினார்கள். குளிரில் விரல் வியர்க்காது, ரப்பரும் நன்றாகப் பற்றும் என்பதற்காக. பதினைந்தாம் பகுதியில் ஜோர்கசன் பல நாள்கள் தடைபட்டார். விரல்நுனித் தோல் கிழிந்து, அது ஆறும்வரை ஓய்ந்திருந்து, மறுபடி முயன்றார். கால்ட்வெல் அவருக்காகக் காத்திருந்தார். எந்த நேரத்தில் ஏறுவது, எப்போது ஏறாமல் இருப்பது என்பதும் நுட்பத்துள் அடங்கும் என்பதை அந்தச் சுவர் காட்டியது.

வலிமை வேண்டாமா என்ற வினா நியாயமானது. வேண்டும். ஜெர்மனியின் வொல்ஃப்காங் குலிஷ் 1991இல் ஏறிய ‘ஆக்ஷன் டிரெக்ட்’ தடத்தில் ஓரிரு விரல்கள் மட்டும் நுழையும் குழிகளே பிடிகள். பாறையோ தலைக்குமேல் கவிந்தது. மெல்லிய மரச்சட்டங்களில் கால் படாமல் விரல்களால் மட்டும் தாவும் பயிற்சியை அவர் அதற்கு முன்பே வகுத்துக்கொண்டிருந்தார். இன்று உலகெங்கும் பயிற்சிக்கூடங்களில் அந்தப் பலகை இருக்கிறது. அவ்வலிமை இல்லாதவர் எந்த நுட்பத்தாலும் அதில் ஏற முடியாது. ஆனால் வலிமை ஒரு வாயில். உள்ளே போனவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் வேறுபடுத்துவது அதுவன்று. 2017இல் நார்வேயின் ஃபிளட்டாங்கர் குகையில் ‘சைலன்ஸ்’ என்ற தடத்தை ஆடம் ஒண்ட்ரா ஏறினார். 9சி என்ற தரம் அதற்கே முதன்முதலாக வழங்கப்பட்டது. அதில் கடினமான இடத்தை அவர் தலைகீழாகத் தொங்கி, பாதத்தை முன்செலுத்திக் கடக்கிறார். முழங்காலைப் பாறையில் முட்டுக்கொடுத்து ஓய்வெடுக்கக் கெண்டைக்கால் தசையைத் தனியே வலுப்படுத்திக்கொண்டார். தரையில் படுத்துக் கண்மூடி ஒவ்வோர் அசைவையும் மனத்தில் நிகழ்த்திப் பார்த்தார். வலிமை எங்கே தேவை என்பதை அவருக்குச் சொன்னது வாசிப்பே.

*

இப்போது ஹானால்டை மறுபடி பார்க்கலாம். கயிற்றை எடுத்துவிட்டுப் பார்ப்பதைவிட, கயிற்றோடு பார்த்தால் அவர் மேலும் பெரியவராகத் தெரிகிறார். ஓராண்டுக்கும் மேலாக அத்தடத்தின் கடினமான பகுதிகளைக் கயிற்றில் தொங்கித் திரும்பத் திரும்பப் பயின்றார். அசைவுகளின் வரிசையை எழுதிவைத்து மனப்பாடம் செய்தார். விரல்நுனி அளவேயுள்ள பிடிகள் கொண்ட ஓர் இடத்தில், தாவுவதற்குப் பதிலாக இடக்காலை எதிர்ச்சுவருக்கு உதைபோல் நீட்டிக் கடப்பது என்று முடிவெடுத்தார். 2016 இலையுதிர் காலத்தில் முதல் முயற்சியைத் தொடங்கி, கீழ்ப்பகுதியிலுள்ள வழுக்குச் சரிவிலேயே கைவிட்டுத் திரும்பினார். பற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் பாதத்தின் உராய்வை மட்டும் நம்ப வேண்டிய இடம் அது. என் பார்வையில் அந்தப் படத்தின் மிக முக்கியமான நிகழ்வு அந்தத் திரும்புதல்தான். அவருடைய மூளையின் அச்சம் உணரும் பகுதியைப் படமெடுத்து ஆராய்ந்ததைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பாதத்தை நம்ப முடியாத நாளில் அவர் இறங்கி வந்ததைப் பற்றிப் பேசுவதில்லை. 2017இல் நாம் கண்டது நுட்பம் பிறந்த இடத்தை அன்று. கயிற்றில் முன்பே பிறந்து வளர்ந்த நுட்பத்தின் அரங்கேற்றம் அது.

அபாயத்தை அளவுகோலாகக் கொண்டால் நேரும் சிக்கல் என்ன? ஜான் பாக்கர் 1970களிலும் 80களிலும் யோசெமிட்டியில் கயிறின்றி ஏறுவதில் இணையற்றவராகக் கருதப்பட்டார். ஒரு நாள் முழுதும் கயிறின்றித் தன்னைப் பின்தொடர்பவருக்கு 10,000 டாலர் தருவதாக 1981இல் அறைகூவல் விடுத்தார், யாரும் முன்வரவில்லை. 2009 ஜூலையில் கயிறின்றி ஏறுகையில் விழுந்து இறந்தார். அவருடைய நுட்பம் அன்றோடு பொய்யாகிவிட்டதா? இல்லை என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் விழாமல் இருந்ததையும் நுட்பத்தின் சான்றாகக் கொள்ள இயலாது. உயிர்பிழைத்தலைச் சான்றாக ஏற்பவர் சாவையும் சான்றாக ஏற்க வேண்டிவரும். எனக்கு இரண்டும் ஏற்புடையன அல்ல.

கயிறின்றி ஏறுபவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று; அது அவரவர் முடிவு. என் முறையீடு பார்வையாளராகிய நம்மைப் பற்றியது. ‘ஃப்ரீ சோலோ’வில், கேமராவை இயக்கிக்கொண்டிருக்கும் ஒருவர் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நாம் திருப்பிக்கொள்வதில்லை. முடிவு தெரிந்த பாதுகாப்பில் உட்கார்ந்து, மேலும் அபாயமான ஒன்று உண்டா என்று தேடுகிறோம். கைபேசித் திரையில் அரை நிமிடக் காட்சிகளாகப் பாறையேற்றம் வந்துசேரும் இக்காலத்தில், எதற்குக் கைதட்டுகிறோமோ அதையே அடுத்து ஏற வருபவர்கள் செய்துகாட்டுவார்கள். பதினாறு வயதில் பாறையைத் தொடும் ஒருவருக்கு, கயிற்றைக் கழற்றுவதே கலையின் உயர்படி என்று நாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அவர்களுக்குச் சேஞ்சிங் கார்னர்ஸைக் காட்டலாம். அங்கே உயிருக்குப் போராட்டம் ஏதும் தெரியாது. ஒரு பெண், கயிற்றில் பலமுறை விழுந்தெழுந்து, வழவழப்பான இரண்டு சுவர்களுக்கு நடுவே தன் உடலை எப்படி வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை பாறையேறும் காட்சி எதையேனும் பார்க்க நேர்ந்தால், வாசகர்கள் சற்று நேரம் ஏறுபவருடைய கையை விட்டுவிட்டுப் பாதத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வைத்த பாதம் நகர்கிறதா, இடுப்பு எங்கே திரும்புகிறது, எந்தக் கணத்தில் கை எழுகிறது என்று கவனித்தால், கயிறு இருக்கிறதா இல்லையா என்பதைச் சிறிது நேரம் மறந்திருப்போம்.